ராசா உட்காராத கல்

கோம்பையில் ராஜாத்தியின் பேச்சை நம்பிக் குடையோடு போனவர்கள் வெயிலில் வாடி வந்திருக்கிறார்கள். ஆடிக்காற்றில் ராமக்கல்மேட்டில் பறந்த அவளுடைய தலைத்துண்டு, கம்பம் டவுனில் ஒரு கல்யாணப் பந்தலில் போய்த் தொங்கியதாம். எடுக்கப் போனவளைச் சாப்பிடாமல் விடமாட்டோம் என்று இலை போட்டு உட்கார வைத்தார்களாம். "என்ன பொரியல்க்கா?" என்று யாராவது மடக்கினால், யோசிக்காமல் அதையும் சொல்வாள்.

பதினாலு வயதில் மலைமேல் கேரளத்து ஏலக்காட்டு வேலைக்குப் போனவளுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. இன்றைக்கு ஜீப்பில் போகிறாள். அந்தக் காலத்தில் வாரத்துக்கான அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டுப்பாதையில் நடந்தே மலையேறிய கூட்டத்தில் அவளும் ஒருத்தி. புருஷன் போனபிறகு இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது அந்தக் கால்கள்தான். முதலாளியிடம் மலையாளத்தில் சண்டை போடுவாள், திரும்பி வந்து அதையே தமிழில் இரண்டு மடங்காகச் சொல்வாள். அந்த வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை.

கடைசியில் அந்த வாயே அவளை மாட்டிவிட்டது.

ஊரில் இளவட்டங்கள் சேர்ந்து வருஷா வருஷம் 'நம்ம ஊர் நாள்' நடத்துகிறார்கள். பழைய சாமான், பழைய போட்டோ, நாய்கள் ஊர்வலம் என்று அமர்க்களப்படும். இந்த வருஷம் புதுசாக, மலையடிவாரத்தில் காட்டுப்பாதை தொடங்குகிற இடத்தில் நிற்கும் கல்லுக்குப் பெயர்ப்பலகை வைக்கிறார்கள். அதற்காக அச்சடித்த சிறுபுத்தகத்தை ஜீப்பில் ஒரு பெண் உரக்க வாசித்தாள்.

"'ஈஸ்வரபாண்டி மகாராஜா வேட்டைக்குச் செல்லும்போது இக்கல்லில் அமர்ந்து இளைப்பாறுவார். அவரது கோம்பை நாய் ஒருமுறை குரைத்ததில், மலைமேல் இருந்த ஏலக்காய் அத்தனையும் தானாக உதிர்ந்ததாகச் செவிவழிச் செய்தி கூறுகிறது.'"

ராஜாத்தி சிரித்த சிரிப்பில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். அந்த ராசாவைப் பெற்றவளே அவள்தான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், தொப்பைக்கு டீக்கடை ஈஸ்வரபாண்டியையும் குரைப்புக்குக் கங்காணியையும் மனசில் வைத்துக் கட்டிவிட்ட கதை அது!

"ஞாயித்துக்கிழமை பலகை திறக்குறாகளாம்க்கா. 'மன்னர் இருக்கை'ன்னு எழுதியாச்சாம்."

ராஜாத்தியின் சிரிப்பு நின்றுபோனது.

அந்தக் கல் சந்தனம்மாளுடையது. சந்தனம்மாள் ராஜாத்தியின் அம்மாவுக்கு அக்கா. ஏழு மாசப் பிள்ளையை வயிற்றிலும் அரிசி மூட்டையைத் தலையிலும் சுமந்து ஏறும்போது அந்தப் பாதையில் விழுந்து செத்தவள். மூட்டையை இறக்கி வைக்க ஓர் இடம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று, அவளைப் பெற்றவர் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்திச் சுமைதாங்கி போட்டார். அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது, சமாதி கிடையாது. அந்தக் கல் ஒன்றுதான் மிச்சம். அதில் போய் இல்லாத ராசாவை உட்கார வைக்கப் போகிறார்கள். ஏற்றிவிட்டது ராஜாத்தி.

சாயங்காலம் முத்துக்குமரன் வீட்டுக்குப் போனாள். புத்தகத்தை எழுதியவன் அவன்தான். சின்னமனூரில் வாத்தியார் வேலை. ராஜாத்தியோடு மலையேறிய மாரீஸ்வரியின் மகன்.

"பெரியம்மா, அது சின்ன வயசுல எங்கம்மா சொல்லித் தூங்க வச்ச கதை."

"உங்கம்மாவுக்குச் சொன்னது நான்டா. பச்சைப் பொய்யி. அது எங்க பெரியம்மா சந்தனம்மாவுக்குப் போட்ட சுமைதாங்கி."

"அதைப் பொய்யின்னு சொல்றது நீங்க. இதை நான் எப்படி நம்புறது? போன மாசம் காட்டெருமை ஒன்னு கை காட்டி பஸ்ஸை நிறுத்துச்சுன்னு சொன்னீக."

"அது நெசம்டா."

"பாத்தீகளா!" என்று கும்பிட்டான். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "எழுத்துல ஏதாவது இருக்கா பெரியம்மா? பத்திரம், பட்டயம்?" என்றான்.

"அரிசி சுமந்தவளுக்கு யாருடா பட்டயம் எழுதுவாக?"

அவளிடம் வேறு சாட்சி இல்லை. அன்றைக்கு ராஜாத்தி வழியில் யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனாள். உடம்புக்கு என்னவோ என்று நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையடிவாரத்தில் நல்ல கூட்டம். போடியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் சுந்தர்ராஜ்தான் விழாத் தலைவர். பலகையும் அவர் உபயம். டீக்கடை ஈஸ்வரபாண்டி, ராசா பரம்பரை தங்கள் பரம்பரைதான் என்று சொல்லிக்கொண்டு பட்டுவேட்டியில் வந்திருந்தார். சுந்தர்ராஜ் துணியை விலக்கக் கை வைத்தபோது, தலையில் அரிசி மூட்டையோடு ராஜாத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"சார், ஒரு நிமிசம். திறக்குறதுக்கு முன்னாடி ராசா மாதிரி ஒருக்கா உட்காந்து காட்டுங்க."

சுந்தர்ராஜ் நல்ல மனுஷர். சிரித்துக்கொண்டே கல்லருகில் போனார். கல் அவர் கழுத்தளவு இருந்தது. எக்கினார், குதித்தார். இரண்டு பேர் காலைப் பிடித்துத் தூக்கிவிட, ஒருவழியாக மேலே ஏறியவர் கீழே பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ராசா ஏணியோட வேட்டைக்குப் போயிருப்பாரு போல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் வெடித்துச் சிரித்தது.

அவரை இறக்கியபின் ராஜாத்தி கல்லை நோக்கி நடந்தாள். குனியவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. தலையை ஒரு சாய்ப்பு. மூட்டை வழுக்கிக் கல்லின்மேல் அமர்ந்தது. அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

முத்துக்குமரன் பக்கத்தில் வந்தான். "சுமைதாங்கிதான், ஒத்துக்கிறேன் பெரியம்மா. நான் ஒருதரமாவது இங்கன வந்து நின்னு பாத்திருக்கணும். ஆனா அது சந்தனம்மா பேருல போட்டதுன்னு நீங்க ஒருத்தர் மட்டும்தானே சொல்றீக? ஒரு தடவை தப்பா எழுதிட்டேன். மறுபடியும் சாட்சியில்லாம எப்படி எழுதுறது?"

கேள்வி நியாயமானது. அதுவே ராஜாத்திக்கு வலித்தது. நாற்பது வருஷம் வாய்க்கு வந்ததைச் சொன்னவளுக்கு, சொல்லவேண்டிய ஒன்று வந்தபோது வாய்க்கு மதிப்பில்லாமல் போயிற்று. வந்த மூட்டையைச் சுமந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான் என்று தலையைக் கல்லோரம் கொடுத்து மூட்டையை இழுத்தாள். மூட்டை கல்லைவிட்டு எழும்பியது.

"சந்தனம்மா, கை குடு!"

அவள் சொல்லவில்லை. குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. ஒன்றல்ல, ஐந்தாறு குரல்கள். எல்லாரும் அந்தக் காலத்தில் பாதையில் நடந்த பெண்கள். மூட்டை எழும்பும்போது சொல்லிப் பழகியது, இன்றைக்கும் தானாக வந்துவிட்டது. முதலில் சொன்னது மாரீஸ்வரி.

முத்துக்குமரன் திரும்பிப் பார்த்தான். "என்னம்மா சொன்ன?"

"சொமை தூக்குறப்ப சொல்றதுடா. ஏதோ அம்மன் பேருன்னுல்ல நெனச்சேன்! எல்லாரும் சொன்னாக, நானும் சொன்னேன்."

"எப்ப இருந்து?"

"நீ வயித்துல இருந்தப்பருந்து."

ராஜாத்தி மூட்டையை மறுபடியும் கல்லில் சாய்த்தாள். "இவ கெங்குவார்பட்டியிலருந்து வாக்கப்பட்டு வந்த புதுசு. வயித்துல ஆறு மாசம். மூட்டைய இறக்கிட்டு, இது என்ன கல்லுக்கான்னு கேட்டா. வயித்துப்பிள்ளைக்காரிகிட்ட, இது வயித்துப்பிள்ளையோட செத்தவ கல்லுன்னு சொல்லச் சொல்றியா? வாய்க்கு வந்த ராசாவத் தூக்கி உட்கார வச்சேன். சிரிச்சுக்கிட்டே மலையேறுனா. அந்த ராசா உனக்காகப் பொறந்தவன்டா."

மாரீஸ்வரி மெல்ல வந்து கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "இத்தனை நாளா உன்கிட்டயா ஆத்தா கை கேட்டேன்?" என்றாள். பின்னால் நின்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து தொட்டார்கள்.

சுந்தர்ராஜ் துணியை விலக்காமலே பலகையைக் கழற்றச் சொன்னார். கடைக்குப் போன் போட்டு, "வெள்ளையும் கறுப்பும் ஒரு டப்பா, நல்ல பிரஷ் ஒன்னு, பைக்ல கொடுத்துவிடு" என்றார். பெயின்ட் வந்ததும் முத்துக்குமரனே பலகையில் பழைய எழுத்தின்மேல் வெள்ளையடித்து, மண்டியிட்டு எழுத உட்கார்ந்தான். வெள்ளை காய்வதற்குள் ஊரில் பாதிப்பேர் ஆளுக்கொரு வாசகம் சொன்னார்கள். 'இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி' என்று ஆரம்பிக்கலாம் என்றார் ஒருவர்.

"அதெல்லாம் வேணாம். அவ பேரு முதல்ல வரட்டும்" என்றாள் ராஜாத்தி.

'சந்தனம்மாள் சுமைதாங்கி' என்று எழுதி, அதன் கீழே அவள் சுமந்ததையும் விழுந்ததையும் இரண்டே வரியில் எழுதினான். ராஜாத்தி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, ஒருதரம் அவனையும் வாசிக்கச் சொன்னாள்.

ராச்சியம் பறிபோன ஈஸ்வரபாண்டி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "கடைப்பக்கம் வா, உனக்கு இருக்கு" என்றார். ராஜாத்தி அவர் காதருகில் போய், "நாய் குரைச்சது நெசம்தான் அண்ணே" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கூட்டம் கலையும்போது முத்துக்குமரன் கையில் பெயின்ட்டோடு வந்தான். "பெரியம்மா, மேல ரெண்டாவது வளைவுல இதே மாதிரி இன்னொரு கல்லு இருக்காமே. அது யாருது?"

ராஜாத்தி வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் ஒரு ராணி, பல்லக்கோடு தயாராக இருந்தாள். அவளை அப்படியே விழுங்கிவிட்டு, "தெரியலையேப்பா" என்றாள். "சொமை தூக்குன பொம்பளைக இன்னும் நாலஞ்சு பேரு இருக்காக. ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி விசாரிப்போம். நீ நோட்டு எடுத்துட்டு வா."