மூதிக்கு வந்த எச்சரிக்கை

நான்காவது முயற்சியில் வங்கித் தேர்வில் தேறிய நண்பன் காசி, இன்று காலை இந்தச் சமூக வலைத்தளத்தில் தன் படம் போட்டிருந்தான். கீழே, "வாழ்த்துகள்லே மூதி!" என்று எழுதினேன்.

அடுத்த நிமிடமே அதைக் காணோம். மூதேவியைச் சுருக்கிய 'மூதி' இழிவான சொல்லாம். இன்னொருமுறை எழுதினால் என் கணக்கையே முடக்குவார்களாம்.

மத்தியானம் காசியே போனில் கூப்பிட்டான்.

"ஊரே வாழ்த்து சொல்லுது, நீ மட்டும் ஏம்லே ஒண்ணும் சொல்லல? கோவமா?"

"சொன்னேம்லே மூதி. மிஷின் அழிச்சிட்டு."

வெறுப்புப் பேச்சைத் தடுக்க விதி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திருநெல்வேலியில் பிடிக்காதவனைத்தான் "வாங்க சார்" என்போம். மூதி என்று கூப்பிட உரிமை வேண்டும். அதைக் காசி எனக்கு எப்போதோ கொடுத்துவிட்டான். மிஷினிடம் போய்க் கேட்க மாட்டேன்.

ஏலே மூதிகளா, கணக்கு முடங்குறதுக்குள்ள வந்து ஆளுக்கொரு திட்டு திட்டிட்டுப் போங்க!