ஜன்னல் சீட்டும் சாகாவரமும்

எனக்கு ஒன்பது வயதில் சாகாவரம் கிடைத்தது. கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அவர் வாயைத் திறந்தால் புளுகுதான் என்பது செஞ்சி முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை என்னைக் கோட்டைக்கு அழைத்துப் போனவர், மலைமேல் ஒரு சுனையைக் காட்டி, "இது எந்தக் கோடையிலயும் வத்தாது. மூணு கை குடிச்சா சாவே கிடையாது," என்றார். நான் ஐந்து கை குடித்தேன். அம்மாவுக்கும் தங்கைக்கும் ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன். அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தாள். "பாசி நாறுது. இத்தக் குடிச்சா பேதிதான் புடுங்கும்," என்று கொட்டப்போனவள், நான் அழுததால் பரண்மேல் வைத்தாள்.

மறுநாள் அவலூர்பேட்டையில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு மூன்று பேரும் பஸ் ஏறினோம். ஜன்னல் சீட்டுக்கு நானும் தங்கையும் அடித்துக்கொள்ளாத பயணமே கிடையாது. அன்று, "நீயே உக்காந்துக்கோ," என்று விட்டுக்கொடுத்தேன். இன்னும் ஆயிரம் வருஷம் இதே பஸ்ஸில் போகப்போகிறவளுக்கு ஜன்னல் எதற்கு? வெளியே எதையும் பார்க்கத் தோன்றவில்லை. தங்கை என்மேல் சாய்ந்து தூங்கிப்போனாள். அப்போதுதான் உறைத்தது. இவள் ஒருநாள் இருக்கமாட்டாள், அம்மாவும் இருக்கமாட்டாள், நான் மட்டும் தனியாக இந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பேன். பயத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா விசாரித்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஏண்டி, கோட்டையில இருந்த ராஜா தெனம் அந்தத் தண்ணியத்தான குடிச்சிருப்பாரு? இன்னா, இன்னும் மேலயே உக்காந்துனு இருக்காரா?"

அப்பாடா என்றிருந்தது. "அப்போ நானும் செத்துடுவேனாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. "வாயக் கழுவு," என்று திரும்பிக்கொண்டாள். நான் தங்கையை எழுப்பி ஜன்னலிலிருந்து இழுத்தேன். அவள் கத்தினாள், கிள்ளினாள், நானும் விடவில்லை. முகத்தில் காற்று அடிக்க அடிக்க, அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வழியில் போனதே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தாள். காய்ச்சி, துணியில் வடிகட்டியும் லேசாகப் பாசி நாறியது. பரண்மேல் இருந்த பாட்டில் அடுப்படியில் காலியாகக் கிடந்தது. அவள் தனக்கென்று ஒரு மடக்குகூட வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு வெந்நீர் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.