ஓகூஸிலிருந்து கீறிய றோட்டு

வரைபடம் கீறுகிறவனுக்கு நன்றி சொல்ல ஒருவரும் தொலைபேசி எடுப்பதில்லை. வழி தப்பினவன்தான் எடுப்பான். நான் புலம்பெயர்ந்து வந்த ஓகூஸ் நகரத்தில் ஒரு கொம்பனியில் செய்மதிப் படங்களைப் பார்த்து றோட்டுக் கீறுகிறேன். கைத்தொலைபேசி உங்களுக்கு வழி காட்டுகிறதே, அதற்குப் பின்னால் என்னைப்போல சில பேர் முதுகு நோக இருக்கிறோம். முகம் தெரியாத வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கிச் சம்பளம் எடுக்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பண்ணை முற்றம்

ஒருநாள் பக்கத்து நகரமான வைலேயிலிருந்து ஒரு லொறிக் கொம்பனிக்காரர் எடுத்தார். அவருடைய சாரதி எங்கள் படத்தை நம்பிப் போய் ஒரு பண்ணை முற்றத்துக்குள் மாட்டிக்கொண்டானாம். லொறியைத் திருப்பவும் இடமில்லை. மேலிருந்து பார்த்தால் உழவு மெசின் போன தடமும் றோட்டு மாதிரித்தான் தெரியும் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினேன். மனிசன் கேட்கிற நிலையில் இல்லை. "உங்கள் படத்தில் றோட்டு இருக்கிறது. என் சாரதிக்கு முன்னால் பன்றி நிற்கிறது. நான் யாரை நம்பட்டும்?"

ஆள் வருமுன் காப்பெற்

பிறகு எங்கள் பிரிவுக்கு இலங்கையைக் கீறும் வேலை வந்தது. வன்னியில் நான் பிறந்த பக்கம் என் திரைக்கு வந்தது. சண்டைக்காலத்தில் நாங்கள் விட்டு ஓடின ஊர் அது. காணி உறுதி எங்களிடம் இருக்கிறது; அரசாங்கமோ அது காடு என்கிறது. அந்தக் காட்டுக்குள்தான் வேறு இடத்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றம் போட்டிருக்கிறார்கள். புதுத் தகரக் கூரைகள் வரிசையாக மின்னின. ஆள் குடிவராத வீடுகளுக்கும் சேர்த்து, வழுவழுவென்று தார் இழுத்த அகலமான காப்பெற் றோட்டுப் போட்டு முடிந்திருந்தது. பக்கத்தில் திரும்பி வந்து இருக்கிற எங்கள் சனத்துக்கு இன்னும் கிரவல் பாதைதான், மாரியில் அது குளம்.

பக்கத்து மேசையில் இருக்கிற கிர்ஸ்டன், ஸ்கீவ என்ற சிறு நகரத்துக்கு அங்காலே ஒரு கிராமத்துக்காரி. ஏன் எழும்பி எழும்பி நடக்கிறாய் என்று கேட்டாள். திரையைக் காட்டி எல்லாம் சொன்னேன். அவள் கதிரையை இழுத்து வந்து அந்த றோட்டில் விரலை ஓட்டினாள். "எங்கள் ஊரில் ஆள் குறைந்துவிட்டது என்று பஸ்சையே நிறுத்திவிட்டார்கள். அங்கே ஆள் வருமுன்னே தார் வந்துவிடுகிறதா?"

புள்ளிக்கோடு

அந்த றோட்டைத் தடித்த கோடாகக் கீற எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாடுகள் இழுபறிப்படுகிற எல்லைக்கு நாங்கள் புள்ளிக்கோடு போடுவது வழக்கம். இதற்கும் அப்படி ஏதாவது போடலாமா என்று மேலாளர் லார்ஸிடம் போனேன். மனிசன் நல்லவர், என் கதையை முழுக்கக் கேட்டார். ஆனால் காணிக்காரனுக்கும் அவனுடைய அரசாங்கத்துக்கும் உள்ள தகராறுக்கு எங்களிடம் கோடு கிடையாது என்றார். தார் தெரிந்தால் தடித்த கோடு. தடமே தெரியாவிட்டால் பாதையை அழிக்க வேண்டும்.

அந்தச் சட்டப்படி, எங்கள் ஊருக்குப் போகிற பழைய வண்டிப்பாதை அழிய வேண்டியது. பற்றை மூடிப் படத்தில் அது தெரியவில்லை. அன்றைக்கு நான் புதுறோட்டைக் கீறினேன், பழையதில் கைவைக்காமல் இருந்தேன். லார்ஸ் வேலை முடிந்து போகிறபோது என் தோளில் தட்டினார். "அடுத்த படம் வரும்வரை வைத்திரு. அதில் ஒரு வாகனச் சில்லுத்தடம் தெரிந்தாலும் பாதை இருக்கட்டும்."

அண்ணையின் பொங்கல்

என் அண்ணை வைலேயில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஓய்வெடுத்ததும் ஊர்க் காணியில் ஒரு வீடு கட்டி இருக்க வேண்டும், அவருக்கு வேறு ஆசை இல்லை. ஊருக்குப் பாதையே ஒரு படத்திலும் இல்லை என்றால், காடு என்கிறவர்களுக்கு அது நல்ல வாய்ப்பாகிவிடும். லார்ஸின் சில்லுத்தடக் கதையைச் சொன்னதும் அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. லீவு போட்டு ஊருக்குப் போனார். பற்றைக்குள் எங்கள் அம்மன் கோயில் இன்னும் நிற்கிறது. அங்கே ஒரு பெரிய பொங்கல், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கிற எங்கள் ஊர்ச் சனம் முழுக்க வரவேண்டும், எல்லா வாகனமும் தடம் விழும்படி பழைய பாதையால்தான் வரவேண்டும் என்று ஏற்பாடு. பற்றை இடுப்பளவுதான், வாகனம் மிதித்துக்கொண்டு போகும். இதெல்லாம் சரிவருமா என்று நான் கேட்டேன். "நாங்கள் வெட்டினாத்தான் காட்டிலாகா பிடிக்கும். சாமி கும்பிடப் போற சனத்தின்ர சில்லைப் பிடிக்கேலுமோடா?"

மேகம்

பொங்கல் முடிந்தது. படம் வரவில்லை. வந்த முதல் படத்தில் ஊர் முழுக்க மேகம். வேறு வேலையாக வந்த லண்டன் றோட்டைக் கீறிக்கொண்டே வன்னிப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். அண்ணையும் என்ன காரணமோ தொலைபேசியை எடுக்கவில்லை. கடைசியில் மேகம் இல்லாத படம் வந்தது. கோயிலைச் சுற்றிப் புல் நசிந்து சிவப்பு மண் தெரிந்தது. அங்கிருந்து சில்லுத்தடங்கள் வடிவாகத் தெரிந்தன. எல்லாம் கோயிலின் பின்பக்கத்தால் ஏறி, நேரே காப்பெற் றோட்டுக்குப் போயின. பழைய பாதையில் ஒரு பற்றைகூடச் சாயவில்லை.

ஒருவழியாக அண்ணையைத் தொலைபேசியில் பிடித்தேன். சனம் வாடகை வான் பிடித்து வந்ததாம். சாரதிகள் ஊர் தெரியாத இளம் பெடியள், சனம் வானுக்குள் நித்திரை. சாரதிகள் கைத்தொலைபேசியிடம் வழி கேட்டார்கள். அது நான் கீறின தடித்த கோட்டைக் காட்டியது. அண்ணை ஏசுவார் என்று பார்த்தேன், ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் களைத்துப்போன குரலில் சொன்னார். "நான் பழைய பாதை வாசல்ல வாழை கட்டிப்போட்டு வெயிலுக்க நிண்டனான். ஒருத்தரும் வரேல்லை. கோயிலடிக்குப் போய்ப் பாத்தா, 'என்ன வடிவான றோட்டு அண்ணை' எண்டு சொல்லிச் சொல்லிப் பொங்கல் சாப்பிடுகினம்."

அன்று பின்னேரம் லார்ஸ் கேட்கும் முன்பே பழைய பாதையை நானே அழித்தேன். அரசாங்கம் காசைக் கொட்டித் தார் மட்டும்தான் போட்டது. எங்கள் சனத்தை அதில் ஏற்றிவிடுகிற வேலையை ஓகூஸில் இருந்து சம்பளத்துக்கு நான் முடித்துக் கொடுத்தேன்.