வேம்பு வாசக்கால்

ஜெயம்மாள் தன் ஆயுளில் சுமந்த மண்ணையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டியிருந்தால் தியாகதுருகம் கோட்டை மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை முளைத்திருக்கும். கோட்டையைவிட ஒரு முழம் உயரமாகவே முளைத்திருக்கும். ஏரி வேலை, ரோட்டு வேலை, அடுத்தவர் வீட்டு அஸ்திவாரம் என்று தலையில் சட்டி இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் கம்மி. புருஷன் ராமசாமி கடுக்காய் பொறுக்கக் கல்வராயன் மலைக்கு ஏறினவன், இறங்கவே இல்லை. கரடி அடித்துவிட்டது என்றார்கள் சிலர். கரடியைக் கட்டிக்கொண்டான் என்றார்கள் வேறு சிலர்.

"கரடிதான் பாவம். அந்த ஆள வெச்சிக்கினு இன்னா பாடு படுதோ" என்பாள் ஜெயம்மாள்.

காலனியின் கடைசிக் குடிசை அவளுடையது. ஐப்பசி வந்தால் வெளியே தூறும், உள்ளே கொட்டும். ஒரு வருஷம் அடுப்பில் கெண்டை மீன் குஞ்சு பொரித்தது என்று அவளே சத்தியம் செய்திருக்கிறாள். மழை நாளில் படுக்க நனையாத ஒரு இடம் வேண்டும் என்பதைத் தவிர அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

எண்பத்தேழாம் வருஷம் அது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. கள்ளக்குறிச்சியில் வங்கி வேலை பார்த்த அறிவுச்செல்வனும், கல்லூரிப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து, நன்கொடை திரட்டிக் காலனியில் ஏழு குடும்பங்களுக்குச் செங்கல் வீடு கட்டித் தருவதாகக் கிளம்பினார்கள். லீவு நாளெல்லாம் வந்து வேலை செய்தார்கள். கொத்துக் கரண்டி பிடிக்கத் தெரியாதவன்கூட இரண்டு மாதத்தில் கொத்தனார் மாதிரி வெற்றிலை போடப் பழகிவிட்டான். வீடு வாங்குகிறவர்கள் மற்ற ஆறு வீட்டுக்கும் கூலி இல்லாமல் உழைக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

"நான் ஒண்டிக்கட்ட. புள்ளகுட்டிக்காரங்களுக்கு மொதல்ல கட்டுங்க, எனக்குக் கடைசியா கட்டுங்க" என்று ஜெயம்மாள் சொல்லிவிட்டாள். ஆறு வீட்டுக்கும் கலவை சுமந்தாள். ஆறும் எழும்பின.

அவள் முறை வந்தபோது ஆவணி முடிய இருந்தது. புரட்டாசி பிறந்தால் வாசக்கால் வைக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு மழைக்காலம். ஆக, ஆவணியின் கடைசி முகூர்த்தத்தைப் பிடித்தே தீர வேண்டும் என்று ஒரே பரபரப்பு. குடிசையைப் பிரித்தார்கள். குடிசைக்குப் பின்னால் அவளே நட்டு வளர்த்த வேப்ப மரத்தை வெட்டினார்கள்.

"பச்சை மரம், முறுக்கிக்கும்" என்று முனகினார் ஆசாரி ராசு.

"நான் முறுக்காத முறுக்கா? செதுக்குங்க ஆசாரியாரே" என்றாள் ஜெயம்மாள்.

கருங்கல் அஸ்திவாரக் கடைக்கால் மேல், நவதானியம் போட்டு, மஞ்சள் குங்குமம் பூசி, மாவிலை கட்டி வாசக்காலை நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். சுவர் ஒன்றுகூட இல்லை. வெட்டவெளியில் ஒரு வாசல் மட்டும் நின்றது.

"செங்கல் லாரி நாளைக்கு வந்துடும். ஐப்பசிக்குள்ள கூரைக்குக் கீழ படுப்பீங்க ஜெயம்மா" என்றார் அறிவுச்செல்வன்.

"சத்தியமாவா தம்பி?"

"சத்தியமா."

மறுநாள் லாரி வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். வழி நெடுக மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். உளுந்தூர்பேட்டையில் நின்ற லாரி வரிசைக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. ஓட்டுநர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே சண்டை போட்டு, அங்கேயே ராசியாகிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் தங்களுக்குள் ஒரு பஞ்சாயத்துத் தலைவரையே தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்த வரிசையில் செங்கல் லாரியும் ஒன்று. பயந்துபோன ஓட்டுநர் பாரத்தை எங்கோ இறக்கிவிட்டு ஊர் திரும்பினார். அந்தச் செங்கல் யார் வீட்டுச் சுவரானது என்று இன்றுவரை தெரியாது.

பக்கத்துக் காலனிகளில் குடிசைகள் எரிந்த செய்தி வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்த செய்தி வந்தது. வீடு கட்ட வந்த பையன்களில் பாதிப்பேர் போராடுகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள். காலனிக்குள் போகிறவன் என்று ஊரில் அவர்களை முறைத்தார்கள். ஊர்க்காரன் என்று காலனியில் அவர்களைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவுகளை மாட்டியதே அவர்கள்தான். ஒருவரும் வரவில்லை.

ஜெயம்மாள் வாசக்காலுக்குப் பின்னால் பனையோலையைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு படுத்தாள். யார் வந்தாலும் வாசல் வழியாகத்தான் வர வேண்டும். பக்கவாட்டில் வந்த ஆட்டைக்கூட விரட்டிச் சுற்றி வரவைத்தாள்.

மரம் வெட்டியவர்களைத் தேடிப் போலீஸ் வந்தபோதும் அப்படித்தான்.

"வாசப் பக்கமா வாங்க சாமி. நல்ல நாள்ல வெச்சது."

போலீஸ்காரர் வாசலைப் பார்த்தார். புது மரம். பால்கூடக் காயவில்லை.

"ஏது கெழவி இந்த மரம்? ரோட்டுப் புளியமரமா?"

"ஐயய்ய, வேம்புங்க. என் மரங்க. அடிக்கட்ட அதோ கீது பாருங்க."

"எல்லாக் கட்டையும் இப்பிடித்தான் பேசும். ஏத்துய்யா, புளியமரம் ஒண்ணு."

"மோந்து பாருங்க சாமி! நாக்குல வெச்சுப் பாருங்க, கசக்கும்!"

யாரும் மோந்து பார்க்கவில்லை. மஞ்சள் குங்குமத்தோடு வாசக்காலைப் பிடுங்கி வேனில் ஏற்றினார்கள். கடைக்காலில் இரண்டு குழிதான் மிச்சம். முளைவிட்டிருந்த நவதானியத்தைக் கோழிகள் கொத்தின.

ஒரு மாதம் கழித்து அறிவுச்செல்வன் சைக்கிளில் தனியாக வந்தார். அந்தக் குழிகளின் பக்கத்தில் போய் நின்றார்.

"தை பொறக்கட்டும் ஜெயம்மா."

"எந்த வருசத்துத் தை தம்பி?"

அவர் சைக்கிளை எடுத்தார். தை பிறப்பதற்குள் சின்னசேலம் தாண்டி எங்கோ மாற்றலாகிப் போனார்.

வாசக்கால் ஸ்டேஷன் மதிலில் சாய்ந்து கிடந்தது. ஜெயம்மாள் வாராவாரம் சந்தைக்குப் போகும்போது அங்கே நின்று மஞ்சள் பூசிவிட்டு வருவாள். கேட்டால், கேஸ் முடியட்டும் என்பார்கள். புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் ஏதோ காவல் தெய்வம் போலிருக்கிறது என்று வெள்ளிக்கிழமைதோறும் சூடம் ஏற்றினாராம். அவருக்கு உத்தியோக உயர்வுகூடக் கிடைத்தது. ஜெயம்மாளுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

போராட்டம் ஓய்ந்து, சில வருஷம் கழித்து அந்த வழக்கும் ஒன்றுமில்லாமல் போயிற்று. எடுத்துப் போகச் சொன்னார்கள். இரண்டு கால்களும் மேல்கட்டையும் மழையில் நனைந்து, முறுக்கி, வெடித்து, மக்கிப்போயிருந்தன. தேறியது கீழ்க்கட்டை ஒன்றுதான். அதைத் தலையில் வைத்து நடந்தே கொண்டுவந்தாள். பழைய இடத்தில் போட்டு, அதைத் தாண்டித்தான் தன் ஓலைக்குப் போனாள்.

அந்த வருஷக் கார்த்திகை மழை ஐந்தாறு நாள் விடவில்லை. கல்வராயன் மலையே கரைந்து இந்தப் பக்கம் வருகிறதோ என்று பயப்படும்படி பெய்தது. ஓலை பறந்தது, சுள்ளி ஊறியது, ஜெயம்மாளுக்கு ஜுரம். எதிர்வீட்டு வீரமணியின் பெண்சாதி பெரியநாயகி வந்து கூப்பிட்டாள். அந்த வீட்டுக்கும் கலவை சுமந்தவள் ஜெயம்மாள்தான். எழுந்தாள். அரிவாளை எடுத்து, கீழ்க்கட்டையைப் பிளந்து, நனையாத உள்கட்டையை முந்தானையில் மூடிக்கொண்டு போனாள்.

பெரியநாயகியின் அடுப்பில் அது நன்றாகவே பிடித்தது. கசந்த புகை வீடு முழுக்கச் சுற்றியது.

"மோந்து பாரு பெரியநாயகி" என்றாள் ஜெயம்மாள். "புளியமரமாம்."