பெயர் சொல்லாமல் எழுதிய சீட்டு

விடுதித் தோழிகள் அனைவருக்கும்,

இன்று நடந்ததைச் சுடச்சுட எழுதுகிறேன். படித்துவிட்டு வழக்கம்போல் அடுத்தவளுக்கு அனுப்புங்கள்.

ஆஸ்பத்திரியில் மேகநோய் என்கிற பால்வினை நோய்ப் பிரிவுக்கு முறைச் சீட்டு எழுதுவது என் வேலை. காலையில் தேங்காய்த்திட்டிலிருந்து ஒரு மீன்காரம்மா வந்தார். ஊசி அவர் புருஷனுக்கு. அந்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்.

“இன்னிக்கு உட்டா அப்புறம் வரவே மாட்டாரு. சீக்கிரம் எழுது தங்கச்சி.”

“அவர் பேர் சொல்லுங்க.”

“புருஷன் பேர எப்படிம்மா சொல்றது? மயில் மேல உக்காந்திருக்குமே, அந்தச் சாமி பேருதான்.”

“முருகனா?” என்று மெல்லக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

வரிசையில் நின்ற பெண்களுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“வேலுவா?”

“ஆறுமுகமா?”

“கந்தசாமியாத்தான் இருக்கும்.”

ஜன்னலுக்கு வெளியே அந்த மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

கல்லூரி மேடையில் வாயே திறக்காத நான் உரக்கச் சொன்னேன்: “போதும், பேர் கெடச்சிடுச்சு.” பிறகு அந்த அம்மாவின் பெயரைக் காதோடு கேட்டு, அதையே சீட்டில் எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் கம்பவுண்டர் வாசலில் நின்று, “அஞ்சலை” என்று கூப்பிட்டார். (இது நான் மாற்றி எழுதியது; அந்த அம்மாவின் உண்மைப் பெயரை உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.)

வேப்பமரத்தடியிலிருந்து அந்தப் பெரிய மீசைக்காரர் முன்னே வந்து, யாரையும் பார்க்காமல், “நான்தான்” என்று உள்ளே போனார். கம்பவுண்டரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. அது என்னவென்று உங்களுக்குத் தோன்றினால் அதை மட்டும் எழுதாதீர்கள். மற்றதெல்லாம் எழுதுங்கள்.