பிளந்த மலையில் ஒரு விண்ணப்பம்

என் மகளின் விண்ணப்பம் தகுதியின்மையால் தள்ளப்பட்டதென்று இலங்கை மலையகத்து நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தள்ளப்படவில்லை, அனுப்பப்படவே இல்லை. அவள் இதனை எவருக்கும் விளக்க மாட்டாள். ஆதலின் நான் எழுதி வைக்கிறேன்.

அவளது ஆய்வு, சிவந்த சிறு விண்மீன் ஒன்றைச் சுற்றும் தொலைதூரக் கோளைப் பற்றியது. கோள் தன் விண்மீனுக்கு முன்னே கடக்கும்போது, விண்மீன் ஒளியின் மிகச் சிறு பகுதி கோளைச் சூழ்ந்த காற்றின் ஊடாக வரும். அவ்வொளியில் எந்நிறங்கள் குறைந்துள்ளன என்று அளந்தால், அங்குள்ள வளிமங்களை அறியலாம். நம் காற்றின் நீராவி அந்நுண்ணிய குறைவை மறைத்துவிடும்; எனவே விண்வெளியில் நிற்கும் தொலைநோக்கியே வேண்டும். அதில் நேரம் கேட்டு விண்ணப்பிக்க ஆண்டுக்கொரு முறையே வாய்ப்பு. விண்மீனின் சீற்றம் அக்கோளின் காற்றை முற்றாக உரித்துவிட்டதா, ஏதேனும் எஞ்சியுள்ளதா என்பதே அவள் வினா.

இறுதி நாளன்று மழை ஓயவில்லை. மின்சாரம் முந்தைய நாளே போயிற்று. வீதியில் மண் விழுந்ததால் பேருந்தும் இல்லை. செல்பேசித் தொடர்பு கிடைக்கும் ஒரே இடம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திற்கு மேலே தண்ணீர்த் தொட்டி நிற்கும் தேயிலை மலை. காலையில் நிலம் பிளந்திருந்ததும் அங்கேதான். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டுமென்று தோட்டத் தலைவர் வீடு வீடாகச் சொல்லிச் சென்றார்.

கொழுந்து பறிக்கும் அடுத்த வீட்டுப் பெண் தலைமூட்டையோடு ஓடிவந்தார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். என்னை அவர் சார் என்றே அழைப்பார்.

"சார், ஒங்க மக கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டு தொட்டி மலைக்குப் போவுது! கத்துனேன், 'இந்தா வந்துர்றேங்க்கா'ங்குது. எந்த ஊரு காத்தையோ அளக்கப் போயி இங்க மண்ணுக்குள்ள போயிரப் போவுது. கூட்டியாங்க சார்!"

ஏறினேன். பனிமூட்டத்தில் பாதையே தெரியவில்லை. குறுக்கே பிளவு, என் கால் இறங்கும் அகலத்தில். அதன் விளிம்பிலிருந்த செடிகள் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தன. மண்ணுக்குள் வேர்கள் அறுபடும் ஓசை கேட்டது. தாண்டியபின் திரும்பிப் பார்க்க அஞ்சினேன்.

மகள் தொட்டியோரம் குடைக்குக் கீழே மடிக்கணினியுடன் குந்தியிருந்தாள்.

"பாதி போயிருச்சுப்பா. நீங்க எறங்குங்க, நான் வந்துர்றேன்."

"வா, போவோம்."

"ஒரு வருசத்து ஒழைப்புப்பா. இன்னும் கொஞ்சந்தான்."

"அப்ப நானும் இங்கனயே நிக்கிறேன்."

"மெரட்டுறீங்களா?"

"இல்லம்மா. கால் நடுங்குது. தனியா எறங்க முடியல."

அது உண்மை. அவள் என் கால்களைப் பார்த்தாள். எங்கோ கீழே ஒரு கல் உருண்டது. கணினியை மூடி, என் கையைப் பற்றிக்கொண்டாள். இருவரும் பிளவைத் தாண்டி இறங்கிப் பள்ளிக்கூடம் சேர்ந்தோம்.

மலை அன்று சரியவில்லை, இன்றுவரை சரியவில்லை. அங்கேயே இன்னும் சற்று இருந்திருந்தால் அனுப்பியிருப்பாள். அதனை அவள் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. பிளவை மண்ணிட்டு மூடியிருக்கிறார்கள். அடைமழையில் அது மறுபடியும் வாய் திறக்கிறது. இவ்வாண்டு விண்ணப்பக் காலமும் மழையோடுதான் வருகிறது. "முன்னாடியே அனுப்பிருவேன்ப்பா" என்கிறாள். ஆயினும் உடன் ஆய்வாளர்களின் திருத்தங்கள் கடைசி நாளில்தான் வந்து சேரும் என்பதை நான் அறிவேன். தூறல் தொடங்கியதும் எழுந்துபோய், அவள் செருப்பு வாசலில் கிடக்கிறதா என்று பார்க்கிறேன்.

வானியல் குறித்து இங்கு எழுதியவை அவள் சொல்லக் கேட்டு நான் விளங்கிக்கொண்டவை. அவற்றில் பிழை காணும் அறிஞர்கள் அன்புகூர்ந்து திருத்தித் தருக.