ஒரு கையில் ஏழு தட்டு

மாமா எங்களை மெக்சிகன் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது பாசத்தினால் அல்ல. அவர் உம்மாவின் அண்ணன். தென்காசியில் துணிக்கடை வைத்திருந்தார். எந்தத் துணியையும் கசக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார். அன்று அவர் கசக்கிப் பார்க்க நினைத்தது என் வாப்பாவை.

வாப்பா சார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே ஒரு மெக்சிகன் ஹோட்டலில் அவர் குக் என்பது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எங்கள் தெருவில் கல்ஃபுக்குப் போனவர்களிடம் என்ன வேலை என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. கேட்டால், தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் எவராவது கேட்டுவிடுவார்கள்.

மேலகரத்தில், குற்றாலம் போகும் சாலையில், மாமாவின் கடையொன்று பூட்டிக் கிடந்தது. சீசன் கூட்டத்தை நம்பி அங்கே ஒரு மெக்சிகன் ஹோட்டல் போடலாம், சமையல் வாப்பா பொறுப்பு என்று பேச்சு. அது நடந்தால் வாப்பா திரும்பிப் போக வேண்டியதில்லை. நடந்தே விட்டதைப்போல உம்மா சூட்கேஸைப் பரணில் ஏற்றிவிட்டாள். ஒரு வாரமாக வாப்பா எங்கள் அடுப்பில் ராஜ்மா வேகவைத்து, மைதா ரொட்டி சுட்டு, சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. இதை நான் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை.

எனக்கும் வாப்பாவுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. உம்மா வெளியே போனதும் வீட்டுத் தட்டுகளை ஒவ்வொன்றாக இடது கையில், விரலிலிருந்து முழங்கை வரை அடுக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வருவார். ஏழு தட்டு. ஒன்றுகூட ஆடாது. "யார்ட்டயும் சொல்லாதட்டி" என்பார். குக் வேலையில் இதுதான் பெரிய படிப்பு என்று ஒன்பது வயதில் நான் நம்பியிருந்தேன்.

மாமா கூட்டிப்போன மெக்சிகன் ஹோட்டல், பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் நான்கு மேசை போட்ட சிறிய கடை. சுவரில் தொப்பி வைத்த கள்ளிச்செடிப் படம். வெளியே சாரல். வாப்பா மெனு அட்டையைப் பார்க்காமலேயே டாக்கோ, புரிட்டோ, நாச்சோஸ் என்று கடகடவென்று சொன்னார். மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்கோ வந்தது. கறியில் புரோட்டா சால்னா வாசம். வாப்பா கடித்ததும் அப்பளம்போல மடித்திருந்த சோள ஓடு நடுவில் உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் சட்டையில் கொட்டியது.

"என்ன மச்சான், இத்தன வருசம் சமைச்சிய, திங்கத் தெரியலியே" என்று மாமா சிரித்தார்.

"அங்க நமக்கு எங்க உக்காந்து திங்க நேரம்" என்றார் வாப்பா. அவரும் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம். சாப்பிட்டு முடிந்ததும் மேசையில் இருந்த தட்டுகளை இழுத்து வாப்பாவின் கையில் வைக்கத் தொடங்கினேன். "வாப்பா, மாமாவுக்குக் காட்டுங்க! ஏழு தட்டு!"

"ஏட்டி, சும்மா இரு." அவர் கையை விலக்கினார். தட்டொன்று நழுவியது.

அதைப் பிடித்தது வாப்பா அல்ல, அவருடைய கை என்றுதான் சொல்ல வேண்டும். பிடித்த கை நிற்கவில்லை. தட்டுகள் முழங்கை வரை ஏறின. எச்சில் எல்லாம் ஒரே தட்டுக்குப் போனது, கரண்டிகள் அதன் மேல் படுத்தன, வலது கை காகிதத்தால் மேசையை ஒரே இழுப்பில் துடைத்து முடித்தது. நான் கைதட்டினேன்.

பரிமாறிய நடுவயதுக்காரர் வாய் பிளந்து நின்றார். கேலியே இல்லை, நிஜமான சந்தோஷம். "அண்ணாச்சியும் நம்ம வேலதானா? எங்கன டேபிள் பாக்கிய?"

வாப்பா தட்டுகளை அவர் கையில் கொடுத்தார். மாமா கை கழுவ எழுந்தார்.

காரில் மாமா மழையைப் பற்றி மட்டுமே பேசினார். மேலகரம் கடையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை. மேசை துடைத்த கை சமைத்தால் ருசிக்காது என்று அவருக்கு யார் சொன்னார்களோ. வீட்டுக்கு வந்து எங்கள் ராஜ்மாவை ஒரு வாய் தின்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. மாமா வாயடைத்துப் போனார், நாங்கள் ஜெயித்துவிட்டோம். வாப்பா பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. அதன் பிறகு அடுப்படிப் பக்கமே போகவில்லை.

லீவு முடிவதற்குள் சூட்கேஸ் பரணிலிருந்து இறங்கியது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகும் கார் வாசலில் நின்றது. உம்மா உள்ளேயே இருந்துவிட்டாள். நான் மட்டும் தெருமுனை வரை காரோடு ஓடினேன். அடுத்த தடவை எட்டுத் தட்டு என்று இரண்டு கையாலும் விரல்களை விரித்துக் காட்டினேன். வாப்பா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினார். அவர் ஏன் போகிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.